சிக்கி டப்பாவில் மூன்று விளக்குகள்

என் இடது காலைப் பற்றி ஆறு வாரம் எல்லோரும் பேசினார்கள். என் வீட்டுக்காரர் பேசினார். நாங்கள் இருக்கும் ஹடப்சரில் இரண்டு கராஜ்காரர்கள் பேசினார்கள். மாடிவீட்டு ரிட்டயர்டு மனிதர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பேசினார். கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் போன் போட்டுப் பேசினார். அந்தக் கால் கிளட்சைச் சரியாக விடுவதில்லை, அதனால்தான் கார் நடுரோட்டில் நின்றுபோகிறது என்பது எல்லோரும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பு. கால் என்னுடையது. ஆனால் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப்பைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். வீட்டுக்காரருக்கு மகர்பட்டாவில் வேலை கிடைத்ததும் புனேவுக்கு வந்தோம். வந்து ஒன்பது வருடம் வீட்டோடு இருந்தேன். மகள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன வருடம், லோஹேகாவில் ஒரு பள்ளியில் இயற்பியல் லேப் வேலை கிடைத்தது. விமானப்படைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளி. ஹடப்சரிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வந்தால் வரும். அதனால் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் ஒருவர் விற்ற பழைய சிவப்புக் காரை வாங்கினோம். அதில்தான் பழகினேன், அழுதேன், கேட் தூணில் ஒருமுறை இடித்தேன், கடைசியில் லைசென்ஸும் வாங்கினேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து, கொட்டுகிற மழையில்கூட நானே ஓட்டிக்கொண்டு போனேன். யாரிடமும் எதுவும் கேட்காமல், சாவியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் கார் நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை முண்ட்வா சிக்னலில். சிவப்பு விழுந்திருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது, இரண்டு காலும் சும்மா இருந்தன. இன்ஜின் தானாக ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பச்சை விழுந்தபோது சாவியைத் திருகத் திருகச் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடித்தன. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

வீட்டில் சொன்னேன்.

"கிளட்ச்ச மெதுவா உடோணும். நீ பட்டுன்னு உட்டர்ற," என்றார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, நான் கிளட்ச்சத் தொடவே இல்லீங்க. நியூட்ரல்லதான் நின்னுட்டிருந்துச்சு."

"உனக்கு அப்பிடித் தோணியிருக்கும்."

அந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தோணியிருக்கும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுத்தடுத்த வாரங்களில் ஏழெட்டு முறை நின்றது. எப்போதும் இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு, எப்போதும் நெரிசலில் மெதுவாக நகரும்போது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மகர்பட்டாவுக்குள் காலி ரோட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அவரிடம் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. "என்றகிட்ட நல்லாத்தான ஓடுது?" என்று சாவியை ஆணியில் மாட்டுவார். அந்தச் சாவி மாட்டும் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கராஜுக்குப் போனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பதிலை வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். முதல் கராஜ்காரர் பானட்டைத் திறந்ததும் செய்த முதல் வேலை, பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி மாட்டியது. கம்ப்யூட்டரை ரீசெட் செய்கிறாராம். பிறகு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில் ஒன்றுமில்லை சார், மேடம் புதிதாக ஓட்டுகிறார்கள் இல்லையா" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது கராஜிலும் இதே சடங்கு, இதே சிரிப்பு. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துக் கார்களில் பழுது பார்க்கும் கருவியைச் செருக ஒரு சாக்கெட் இருக்கும். எங்கள் காரில் இருந்தது அதற்கும் முந்திய, வயர்களை இணைக்கிற ஆறு ஓட்டை கப்ளர். அவர்களுடைய எந்தக் கருவியும் அதில் பொருந்தவில்லை. "இன்ஜின் கம்ப்யூட்டர் போயிருக்கலாம், இந்த மாடலுக்கு இப்போது அது வருவதில்லை, வண்டியை விற்றுவிடுங்கள்" என்று சொல்லி, அவர்களும் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அனுப்பினார்கள்.

நான் இதற்குள் ஐந்து முறை பள்ளிக்கு லேட். பிரின்சிபால் அம்மா நல்லவர்தான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு வருகிறது, லேப் பூட்டிக் கிடந்தால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நேரத்துக்கு வர முடியுமா முடியாதா என்று யோசித்துச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "உட்டுத்தள்ளு, வண்டிய வித்தர்லாம். பக்கத்துல எங்காச்சும் ஒரு வேலை கெடைக்காமயா போயிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிளட்சில் காலை வைத்தாலே கால் நடுங்கியது. ஒருவேளை நியூட்ரலில் இல்லையோ, நான்தான் தெரியாமல் காலை எடுத்துவிடுகிறேனோ என்று தோன்ற ஆரம்பித்தது. ஆறு வாரம் விடாமல் சொன்னால் எதையும் நம்பிவிடலாம் போலிருக்கிறது.

அன்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் சிக்னல் என்றால் என்ன, அது எங்கே அறுந்துபோகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியவள் நான். கார் இன்ஜின் கம்ப்யூட்டர் என்ன ஆகாயத்திலிருந்து குதித்ததா? அதற்கும் கரன்ட் வேண்டும், பூமி இணைப்பு வேண்டும், நாலு சென்சாரிடமிருந்து சேதி வேண்டும். கருவி பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற மாதிரி ஒன்றை நானே செய்துகொள்கிறேன் என்று கையைக் கழுவினேன்.

இதே மாதிரி காரை வைத்துக்கொண்டு வேறு ஏதோ நாட்டில் அவதிப்படும் ஒருவர், வயரிங் படத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தார். அவர் வாழ்க. அந்தப் படத்தின்படி, ஆறு ஓட்டையில் ஒன்றை பூமியோடு இணைத்தால், இன்னொரு ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டர் தன் நினைவில் உள்ள குறையைச் சிமிட்டல்களாகச் சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் பன்னிரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறை, அதற்கு ஓர் அட்டவணையும் அவர் போட்டிருந்தார். கருவி என்று இதற்கு வேண்டியது ஒரு எல்இடி விளக்கு, ஒரு ரெசிஸ்டர், இரண்டு துண்டு வயர். பெரிய சர்வீஸ் சென்டரின் ஏசி ஹாலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து புத்வார் பேட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். கடைக்காரர் மராத்தியில் "மகளின் பிராஜெக்டா?" என்று கேட்டார். இல்லை, என்னுடையது என்றேன். அவர் கொடுத்த ரெசிஸ்டர்களின் வண்ணக்கோடுகளைப் பார்த்து, இது ஒரு கிலோ ஓம் இல்லை, பத்து கிலோ ஓம் என்று திருப்பிக் கொடுத்ததும் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார். அந்த ஆறு வாரத்தில் நான் நிமிர்ந்து நின்றது அந்தக் கடையில்தான்.

காலியான சிக்கி டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. லோனாவ்லா போனபோது வாங்கிய கடலை சிக்கி, நம்மூர்க் கடலைமிட்டாய்தான். அதன் மூடியில் ஆணியைச் சூடு காட்டி ஓட்டை போட்டு மஞ்சள் விளக்கைப் பொருத்தினேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். ஈயம் உருகி வயரைக் கவ்விக்கொண்டபோது வந்த வாசனை எனக்குத் தெம்பாக இருந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

காரில் மாட்டும்போதுதான் பயம் வந்தது. ஆறு ஓட்டையில் ஒன்றில் எப்போதும் பேட்டரி கரன்ட் இருக்கும் என்று படத்தில் போட்டிருந்தது. அதைத் தவறுதலாகப் பூமியோடு சேர்த்தால் ஃபியூஸ் போகும். அந்தக் கரன்ட்டைத் தவறான ஓட்டைக்குக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே போகும். அப்புறம் சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது நிஜமாகிவிடும். மேலும் படத்தில் இருந்த வயர் நிறங்கள் வேறு, எங்கள் காரில் இருந்த நிறங்கள் வேறு. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஓட்டையாக அளந்தேன். எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி அளந்தேன். வீட்டுக்காரர் பார்க்கிங்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாடிவீட்டு ரிட்டயர்டு மனிதரும் இறங்கி வந்துவிட்டார்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு சிமிட்டியது. ஒன்று, இடைவெளி, இரண்டு. மறுபடி ஒன்று, இடைவெளி, இரண்டு. பன்னிரண்டு.

நான் வெட்டிய வயர் வழியாக அந்தக் கம்ப்யூட்டர் என்னோடு பேசியதில் ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடி அட்டவணையைப் பார்த்தேன். பன்னிரண்டு என்றால் எந்தக் குறையும் இல்லை.

"பாத்தியா," என்றார் வீட்டுக்காரர். மாடிவீட்டு மனிதர் என் காலைப் பார்த்தார்.

என்னுடைய கருவியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே வந்து சோபாவில் உட்கார்ந்தேன். தட்டில் போட்ட சப்பாத்தி ஆறிப்போகும் வரை யோசித்தேன். கம்ப்யூட்டர் பழுதாகியிருந்தால் இவ்வளவு தெளிவாகப் பேசுமா? பேசாது. ஆக, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. அப்படியானால் அது ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்கிறது? அதற்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஏன் ஞாபகம் இல்லை? பேட்டரியைக் கழற்றினால் அழிந்துபோகும் நினைவு அது. சர்வீஸ் சென்டரிலும் கடைசியாக அதைத்தான் செய்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் பஸ்ஸில்தான் போனேன், அந்த வண்டியைத் தொடவே இல்லை. சாட்சியை முதலில் அழித்துவிட்டு அப்புறம் விசாரணை நடத்தியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும்.

சப்பாத்தியை மடமடவென்று தின்றேன். இனி பழைய ஞாபகத்தைக் கேட்டுப் பயனில்லை. வண்டி நிற்கிற அந்த நொடியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை டப்பாவின் மூடியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டேன். பச்சை விளக்கு, கம்ப்யூட்டருக்குக் கரன்ட் போகிறதா என்று காட்ட. சிவப்பு விளக்கு, இன்ஜின் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாருக்காக. அந்தச் சென்சார் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு நின்றால் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியாது, இன்ஜினை அணைத்துவிடும். சென்சார் வயரில் விளக்கை நேராக மாட்டக் கூடாது. அதன் கரன்ட்டை விளக்கே குடித்துவிட்டால் நல்ல வண்டியும் நின்றுவிடும். அடுத்த வீட்டுக்குப் போகிற பால் பாக்கெட்டை எண்ணிப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. அதற்காக நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தேன். வயர்களைக் கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரிலிருந்து எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் என் மடிவரை கொண்டுவந்தேன்.

இன்ஜினைப் போட்டதும் பச்சை நிலையாக எரிந்தது, சிவப்பு படபடத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் படபடப்பு வேகமாகி ஒரே விளக்காகத் தெரிந்தது. விட்டால் மறுபடி படபடப்பு.

"வாங்க, ஓட்டுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நானா? ஏன், நீ ஓட்டலியா?"

"நான் ஓட்டி நின்னா என்ற காலுன்னு சொல்லுவீங்க. நீங்களே ஓட்டுங்க. மகர்பட்டாக்குள்ள வேண்டாமுங்க. ஹடப்சர் மார்க்கெட் பக்கம் போலாம்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் யாரும் விருப்பப்பட்டுக் காரை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ஆட்டோக்கள் இடுக்கில் நுழைந்தன, பஸ் ஒன்று எங்களை ஓரமாகத் தள்ளியது. நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, மடியில் இருந்த டப்பாவையே பார்த்தேன். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். பச்சை எரிகிறது, சிவப்பு துடிக்கிறது. நின்று தொலையேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆறு வாரம் நிற்காதே நிற்காதே என்று வேண்டியவள், அன்றைக்கு மட்டும் இப்படி.

மேம்பாலத்தின் உச்சியில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, "பாத்தியா, ஒண்ணுமே ஆகல..." என்று ஆரம்பித்தார்.

சிவப்பு விளக்கு ஒருமுறை தடுமாறியது. மறுபடி துடித்தது. பிறகு அணைந்தது. அதன் பிறகுதான் இன்ஜின் குலுங்கி நின்றது. பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க!" என்று கத்திவிட்டேன். "காலு எங்க இருக்குதுங்க?"

அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அது கிளட்சில் இல்லை. பாவம், சும்மா ஓரமாக இருந்தது. அவர் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அதற்குள் முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துவிட்டன, பின்னால் ஹாரன் கச்சேரி ஆரம்பித்தது. பைக்கில் எங்களை ஒட்டிப் போன ஒருவன் ஜன்னலில் குனிந்து, "அங்கிள், கிளட்ச் தபாவோ, கிளட்ச்!" என்று கிளட்சை மிதிக்க யோசனை சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்காரரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவர் வண்டியை இறக்கத்தில் உருள விட்டு, பாலத்தின் அடியில் ஓரமாக நிறுத்தினார்.

சாவியை ஆஃப் செய்யவும் விடவில்லை, பேட்டரி பக்கம் யாரையும் அண்டவும் விடவில்லை. மூன்றாவது விளக்கின் வயர்களை அந்த ஆறு ஓட்டை கப்ளரில் செருகினேன். மஞ்சள் விளக்கு இந்த முறை வேறு எண்ணைச் சொன்னது. நான்கு, இடைவெளி, இரண்டு. அட்டவணையில் நாற்பத்திரண்டு, அந்தச் சென்சாரிலிருந்து சேதி வரவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கால் இல்லை. என் கால் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு சென்சார், அல்லது அதற்குப் போகிற ஒரு வயர். இவ்வளவுதான்.

பானட்டைத் திறந்தேன். அந்தச் சென்சாரின் கப்ளர் இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். ஒரு விரலால் தொட்டதும் ஆடியது. நன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கொக்கி பாதியில் நின்றிருந்தது; சூடேறினால் தொடர்பு விடும், ஆறினால் மறுபடி சேரும். இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே, கொக்கி போய் உட்கார வேண்டிய பள்ளத்தில், காய்ந்து கட்டியாகிப்போன ஏதோ ஒன்று. வெளிர் மஞ்சள் நிறம். நடுவில் ஒரு துளி சிவப்பு.

நகத்தால் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடைக்கும் சூட்டுக்கும் நடுவில் லேசாகச் சந்தனம் மணத்தது.

எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை. வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தார். சொசைட்டியில் எல்லோரும் மறுநாள் தசராவுக்காக வண்டிகளைக் கழுவிச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாலிடெக்னிக் லேப்பில் அன்றைக்கு ஆசிலஸ்கோப் முதல் ஸ்க்ரூடிரைவர் வரை ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்போம். காருக்கு நெற்றியில் மட்டும் வைத்தால் போதுமா? உள்ளே உண்மையில் வேலை செய்வது யார் என்று தெரிந்தவள் ஆயிற்றே நான். பானட்டைத் திறந்து, ஒவ்வொரு கப்ளராகக் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு சென்சாருக்கும் பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுபடி மாட்டினேன். சென்சார் தெரியாதவர்கள் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் வண்டி எதுவும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் நான் நல்லவளாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், துப்பட்டா நுனியை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். பானட் மறைத்தது. துடைத்துவிட்டு, "கப்ளர் லூசுங்க" என்று சொன்னால் போதும். ஆறு வாரத்துக்கு வட்டியும் முதலுமாக அவரை மன்னிப்புக் கேட்க வைக்கலாம். துடைக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் உள்ளே சீட்டில் டப்பா இருந்தது, அதன் விளக்கு இன்னும் நாலு, இரண்டு, நாலு, இரண்டு என்று சிமிட்டிக்கொண்டிருக்கும். சாட்சியை அழித்துவிட்டு விசாரிக்கிறார்கள் என்று ஊரையெல்லாம் திட்டியவள் நான். துப்பட்டாவை விட்டேன்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

இறங்கி வந்து குனிந்தார். "என்னது இது, துருவா?"

"சந்தனமுங்க."

"சந்தனமா? யாரு வெச்சா?"

"நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு."

அவர் கப்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். இனி வாழ்நாள் முழுக்க, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்குவார் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மொத நாளே சொன்னயில்ல, நியூட்ரல்லதான் இருந்துச்சுன்னு," என்றார்.

"ஆமாங்க."

"நான் நம்பல."

"இல்லீங்க."

"நல்லாத்தான் ஓட்டியிருக்க," என்றார். கப்ளரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதுவே போதும். மேம்பாலத்துக்கு அடியில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்க, நான் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதேன். ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. அவர் பதறிப்போய், "சந்தனந்தானம்மா, எடுத்தர்லாம், எடுத்தர்லாம்" என்றார்.

ஹேர்பின்னால் பள்ளத்தைச் சுரண்டினேன். தண்ணீர் பாட்டிலை அவர் எடுத்துவர, தண்ணீர் வேண்டாம் என்று தடுத்து, காய்ந்த துணியால் துடைத்தேன். மாட்டி அழுத்தினேன். கிளிக் என்ற சத்தம், ஆயுத பூஜை அன்று நான் கேட்காமலே விட்ட சத்தம், நன்றாகக் கேட்டது. மற்ற சென்சார்களுக்கும் பூஜை செய்திருந்தேன் இல்லையா, அவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இன்னும் இரண்டில் சந்தனம் இருந்தது, ஆனால் பள்ளத்துக்குள் போகவில்லை. எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடித்தபோது, அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, டப்பாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். அதே மார்க்கெட், அதே நெரிசல், ஒன்றரை மணி நேரம். சிவப்பு விளக்கு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை என்று அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். முண்ட்வாவில் நீண்ட சிக்னல், கராடியில் அதைவிட நீளம். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். கேட்கூடத் திறந்திருக்கவில்லை. மதில் ஓரமாக நிறுத்தினேன். நியூட்ரலுக்கு மாற்றி, இரண்டு காலையும் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன். அணைக்க மனசு வரவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிச் சூடான இன்ஜின், மெதுவாக, ஒழுங்காக, யாரும் தொடாமல் ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

பள்ளி வாட்ச்மேன் உள்ளிருந்து பார்த்திருக்கிறார். கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்து, ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். வயதானவர், இரக்க சுபாவம்.

"க்யா ஹுவா மேடம்?" என்று பதற்றத்தோடு கேட்டார். "காடி பந்த் நஹீ ஹோ ரஹீ?"

என்ன ஆயிற்று, வண்டி அணைய மாட்டேன் என்கிறதா என்று கேட்கிறார்.

"ஆமாம் அண்ணா," என்றேன் அவருடைய ஹிந்தியிலேயே. "எவ்வளவு நேரமானாலும் நிற்கவே மாட்டேன் என்கிறது."

மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்க, நான் சிரிக்க ஆரம்பித்தேன்.